போர்வீரனின் கால்வலியும் அரசின் அளவுகோலும்

தமிழில் 'வலி' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஆற்றல் என்பது ஒன்று. நோவு என்பது மற்றொன்று. திருக்குறளில் 'வலியறிதல்' என்ற அதிகாரத்தின் பெயரில் அமைந்திருப்பது முதற்பொருள். போருக்குப் புறப்படும் அரசன் தன் வலியையும் மாற்றான் வலியையும் முன்னதாகவே எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்பது அங்கே சொல்லப்படும் நீதி. ஆனால் போர் முடிந்த பிறகு ஓர் அரசு எடைபோட வேண்டிய வலி வேறொன்று இருக்கிறது. அது களத்திலிருந்து மீண்ட வீரனின் உடம்பில் தங்கிவிட்ட நோவு. இவ்விரண்டனுள் எதை அளப்பது கடினம் என்று கேட்டால், பின்னதை அளப்பதே கடினம் என்று நாம் தயங்காமல் கூறுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், தில்லியில் நாம் குடியிருந்த பகுதியில் முதிய தமிழர் ஒருவர் இருந்தார். இராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். தம் கால்நோவு பற்றி ஒரு மனு எழுத வேண்டும், அதை ஆங்கிலத்தில் ஆக்கித் தரவேண்டும் என்று எம்மிடம் வந்தார். மொழிபெயர்ப்பு எமக்குப் பிழைப்பு; ஆகையால் உடனே ஒப்புக்கொண்டோம். அவர் சொல்லத் தொடங்கினார். இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை சுண்டி இழுக்கிறது என்றார். இரவில் உள்ளங்கால் தணலை மிதித்தாற்போல் எரிகிறது என்றார். விடியற்காலையில் பாதம் மதமதவென்று மரத்துக் கிடக்கிறது, செருப்பு கழன்று விழுந்தாலும் தெரிவதில்லை என்றார். யாம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, 'இரு கால்களிலும் வலி' என்று ஆங்கிலத்தில் ஒரே வரியாக எழுதிப் படித்துக் காட்டினோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "தம்பி, நான் சொன்னதெல்லாம் இதிலே வந்துடுச்சா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எம்மிடம் விடையில்லை.

அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து. வீரன் சொல்லும் நோவு அரசின் ஏட்டில் எவ்வாறு எண்ணாக மாறுகிறது? மாறும்போது எது எஞ்சுகிறது, எது உதிர்ந்து போகிறது? இதை விரிவாகக் காண்பதற்கு ஐக்கிய அமெரிக்க நாட்டின் வரலாறு மிகவும் பொருத்தமானது. ஊனமுற்ற வீரனுக்கு உதவித்தொகை அளிப்பதை அந்நாடு பிறந்த ஆண்டிலேயே சட்டமாக்கியது. அந்தச் சட்டங்களும், அவற்றின்மீது எழுந்த வழக்குகளும், மருத்துவர்கள் எழுதிவைத்த குறிப்புகளும் இன்றளவும் படிக்கக் கிடைக்கின்றன.

1776-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் விடுதலைப் பிரகடனம் வெளிவந்தது. அடுத்த மாதமே, ஆகஸ்டு 26-ஆம் நாள், அந்நாட்டுக் காங்கிரஸ் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. போரில் கையையோ காலையோ இழந்தவனுக்கும், பிழைப்புக்கான பொருளை ஈட்ட இயலாதபடி ஊனமுற்றவனுக்கும் அரைச் சம்பளம் வழங்கப்படும் என்பது அதன் சாரம். இதில் இரண்டு அளவைகள் அடுத்தடுத்து நிற்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். உறுப்பிழப்பு கண்ணுக்குத் தெரிவது. அதற்குச் சாட்சி வேண்டியதில்லை. பிழைக்க இயலாமை என்பதோ ஒருவர் சொல்ல, மற்றொருவர் நம்ப வேண்டியது. பின்வந்த இருநூற்றைம்பது ஆண்டு வரலாறும் இவ்விரு அளவைகளுக்கும் இடையே நடந்த இழுபறியே எனலாம்.

1861-இல் அந்நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. அடுத்த ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் புதிய உபகாரச் சம்பளச் சட்டம் இயற்றப்பட்டது. வடபுலப் படையில் பணியாற்றி முழு ஊனமுற்ற சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 8 டாலர் என்று அச்சட்டம் வகுத்தது. முழு ஊனம் என்றால் என்ன? உடலுழைப்பால் பிழைக்க முடியாத நிலை என்று அக்கால அதிகாரிகள் பொருள் கொண்டனர். அதனினும் குறைந்த ஊனத்திற்கு, நியமிக்கப்பட்ட மருத்துவர் பரிசோதித்து, முழுமையில் பாதி, முக்கால் என்று பின்னத்தில் மதிப்பிட்டார். பிற்காலத்து விழுக்காட்டுக் கணக்கின் மூலம் இதுவே.

விரைவில் உறுப்பிழப்புக்கெனத் தனி விகிதங்கள் வந்தன. இரு கண்களையோ இரு கைகளையோ இழந்தவனுக்கு மாதம் 25 டாலர், இரு பாதங்களை இழந்தவனுக்கு 20 டாலர் என்று 1864-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. ஒரு கையையோ ஒரு பாதத்தையோ இழந்தவனுக்கு 15 டாலர் என்று 1866-இல் ஏற்பட்டது. கால் போயிற்று என்றால் கணக்குத் தெளிவு. கால் இருக்கிறது, ஆனால் அதில் ஓயாத எரிச்சல் இருக்கிறது என்றால் எந்தப் பத்தியில் எழுதுவது? அந்தக் கேள்விக்குரிய மனிதர்கள் அதே ஆண்டுகளில், பிலடெல்பியா நகரத்து மருத்துவமனை ஒன்றில் படுத்திருந்தனர்.

அதன் பெயர் டர்னர்ஸ் லேன் மருத்துவமனை. நரம்புக் காயம்பட்ட வீரர்களுக்கென்றே போர்க்காலத்தில் ஏற்பட்டது. அங்கே சைலஸ் வெயர் மிட்செல், ஜார்ஜ் மோர்ஹவுஸ், வில்லியம் கீன் என்னும் மூன்று மருத்துவர்கள் பணிபுரிந்தனர். குண்டு நரம்பை உரசிச் சென்ற பின், புண் ஆறியும் நோவு ஆறாதவர்கள் பலரை அவர்கள் கண்டனர். காயம் கையில் பட்டிருக்கலாம், தொடையில் பட்டிருக்கலாம். எரிச்சலோ உள்ளங்கையிலும் பாதத்திலும் குடிகொண்டது. தோல் பளபளவென்று மின்னிச் சிவந்தது. செய்தித்தாளைச் சலசலவென்று மடிக்கும் ஓசை, வார்டின் மறுகோடியில் ஒருவர் நடந்து செல்லும் அதிர்ச்சி, தெருவில் செல்லும் பாண்டு வாத்தியத்தின் முழக்கம் ஆகிய இவையெல்லாம் அந்த நோவைக் கிளறிவிட்டன என்று மருத்துவர்கள் குறித்துவைத்தனர். உலர்ந்த எதுவும் தோலில் படுவதைத் தாங்க முடியாமல், கையை எப்போதும் ஈரத் துணியால் நனைத்துக்கொண்டே சிலர் இருந்தனர். பூட்சுக்குள் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நடந்தவர்களும் உண்டு.

இந்நோவுக்கு மிட்செல் 'காசால்ஜியா' என்று பெயரிட்டார். சூடு, வலி என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. எரிவலி என்று நாம் சொல்லலாம். மூவரும் சேர்ந்து எழுதிய நூல் 1864-இல் வெளிவந்தது. மிட்செல் தனித்து எழுதிய விரிவான நூல் 1872-இல் வந்தது. அந்த மருத்துவமனையில் ஓராண்டுக் காலத்தில் மார்பியா ஊசி 40,000 தடவைக்கு மேல் போடப்பட்டதாக அவர் பின்னாளில் நினைவு கூர்ந்தார். ஒரு நோவின் அளவை அறிய அப்போது வேறு கருவி இல்லை. மருந்தின் கணக்கே நோவின் கணக்காக நின்றது.

ஆனால் இதே வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அந்த மூன்று மருத்துவர்களே, அதே 1864-ஆம் ஆண்டில், நோயென்று நடிக்கும் சிப்பாய்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்றும் ஒரு கட்டுரை எழுதினர். போர் மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம் அது. களத்துக்குத் திரும்ப விரும்பாதவன், கால் அசையவில்லை என்று சொல்லிப் படுத்துக்கொள்வதும் உண்டு. அத்தகையவர்களைச் சோதிக்க ஈதர் மயக்கத்தை அவர்கள் பரிந்துரைத்தனர். மயக்கத்திலும், அது தெளியும் வேளையிலும் மனம் காவல் காப்பதில்லை. ஆகவே அசையாது என்று சொல்லப்பட்ட உறுப்பு அப்போது அசைகிறதா என்று பார்க்கலாம் அன்றோ? எரிவலிக்குப் பெயர் கொடுத்த கைகளே நடிப்பைக் கண்டறியும் முறையையும் வகுத்தன. இதை முரண்பாடு என்று சிலர் கருதலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. காணமுடியாத நோவை நம்பத் துணிந்தவர்களே, எந்த இடத்தில் நம்பக்கூடாது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். துன்பம் என்னவென்றால், பின்வந்த அலுவலகங்கள் பல, அவர்களிடமிருந்து ஐயத்தை மட்டும் கற்றுக்கொண்டன. பொறுமையாகக் கேட்கும் வழக்கத்தைக் கற்றுக்கொள்ளவில்லை.

பொதுமக்களின் இரக்கமும் கண்ணின் வழியே சென்றது என்பதற்கு வேடிக்கையான சான்று ஒன்று உண்டு. 1866-இல் ஒரு மாத இதழில், ஆசிரியர் பெயரில்லாமல், ஜார்ஜ் டெட்லோ என்னும் வீரனின் கதை வெளிவந்தது. கைகால் நான்கையும் இழந்த வீரன் தன் கதையைத் தானே கூறுவதாக அது அமைந்திருந்தது. எழுதியவர் மிட்செல், வீரன் கற்பனைப் பாத்திரம். ஆயினும் படித்தவர்கள் அதை உண்மையென்றே நம்பினர். அவனுக்காகப் பணம் திரட்டினர். உறுப்பிழந்தோர் தங்கியிருந்த மருத்துவமனைக்கு நேரில் சென்று அவனைக் காண விழைந்தனர். இல்லாத மனிதனின் இல்லாத கால்களுக்கு நாடு கண்ணீர் விட்டது. இருக்கும் கால்களோடு உறக்கமின்றிக் கிடந்தவர்களுக்கு அத்தகைய கதை ஒன்று கிடைக்கவில்லை.

இங்கே அரசின் தரப்பையும் கூறுவது நேர்மையாகும். 1890-இல் உபகாரச் சம்பள விதிகள் மிகவும் தளர்த்தப்பட்டன. போரினால் உண்டான ஊனமாக இல்லாவிடினும், உடலுழைப்புக்குத் தகுதியற்றவனாக இருந்தால் போதும் என்று ஆயிற்று. 1893-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் இத்தொகை பெற்றனர். கூட்டரசின் வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்களவு இதற்கே சென்றது. பொய் மனுக்கள் பெருகிவிட்டன என்ற கூக்குரல் எழுந்தது. வரி செலுத்துவோரின் பணத்தைக் காக்கும் பொறுப்பும் அரசுக்கு உண்டு. எல்லாருக்கும் பொதுவான ஓர் அளவுகோல் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது.

முதல் உலகப் போரில் அமெரிக்கா புகுந்த 1917-ஆம் ஆண்டிலே அந்த அளவுகோலுக்கு அடிப்படை அமைந்தது. அவ்வாண்டுச் சட்டத்தின்படி, தொகை கொடுப்பது வீரன் எவ்வளவு துன்புறுகிறான் என்பதற்காக அன்று. அத்தகைய காயம் பட்டவர்கள் பொதுவாக எவ்வளவு சம்பாதிக்கும் திறனை இழக்கிறார்கள் என்பதற்காக. 'சராசரி' என்ற சொல் அங்கேதான் நுழைகிறது. தச்சன் ஒருவனுக்கும் கணக்கன் ஒருவனுக்கும் முழங்கால் ஒரே விதமாகப் பழுதுபட்டால் இருவருக்கும் ஒரே விழுக்காடு. இடையில் 1925-ஆம் ஆண்டு அட்டவணை வீரனின் பழைய தொழிலையும் கணக்கில் கொண்டு பார்த்தது. 1933-இல் பொருளாதார நெருக்கடியின்போது செலவு வெட்டப்பட்டு, மீண்டும் சராசரிக்கே திரும்பினர். இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆண்டில் உருவாகிய 1945-ஆம் ஆண்டு அட்டவணை, பல திருத்தங்களோடு, இன்றைய அட்டவணைக்கும் அடித்தளமாக விளங்குகிறது. 1930 முதல் இப்பொறுப்பை ஏற்றிருந்த முன்னாள் வீரர் நிருவாகம், 1989-இல் தனி அமைச்சகமாக உயர்த்தப்பட்டது.

இனி அந்த அட்டவணையில் கால்நரம்பு பெறும் இடத்தைப் பார்ப்போம். மனித உடம்பில் மிகப் பெரிய நரம்பு சயாட்டிக் நரம்பு. முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்து புறப்பட்டு, பிட்டத்தின் வழியாகத் தொடையின் பின்புறம் இறங்கி, முழங்காலருகே இரண்டாகப் பிரிந்து பாதம்வரை செல்வது. வீரர்களுக்கு இது கெடுவதற்குப் பல வழிகள் உண்டு. குண்டு பாயலாம். கனத்த மூட்டை சுமந்தும், பாராசூட்டில் குதித்தும் முதுகெலும்பின் இடைத்தட்டு பிதுங்கி நரம்பின் வேரை அழுத்தலாம். அழுத்தம் இடுப்பில் இருந்தாலும் நோவு காலில் இறங்கும்.

இந்நரம்பின் முழு வாதத்துக்கு அட்டவணை 80 விழுக்காடு தருகிறது. பாதம் தொங்கிவிட வேண்டும். முழங்காலுக்குக் கீழே எந்தத் தசையும் இயங்கக் கூடாது. முழங்காலை மடக்கும் திறனும் குன்றியிருக்க வேண்டும். அதற்குக் கீழே நான்கு படிகள் உள்ளன. தசை வெளிப்படையாகச் சூம்பிய கடுமையான நிலைக்கு 60, ஓரளவு கடுமைக்கு 40, நடுத்தரத்துக்கு 20, இலேசான நிலைக்கு 10. இப்படிகளைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஏணியின் உச்சியில் இருப்பவை எல்லாம் பார்க்கக்கூடியவை. தொங்கும் பாதத்தைப் பார்க்கலாம். சூம்பிய தசையை நாடாவால் சுற்றி அளக்கலாம். நோவோ ஏணியின் கீழ்ப்படிகளில்தான் நிற்கிறது.

இது ஊகம் அன்று. விதியே அவ்வாறு கூறுகிறது. கோளாறு முழுவதும் உணர்ச்சி சார்ந்ததாக மட்டும் இருந்தால், அதாவது எரிச்சல், குத்தல், மரத்துப்போதல் ஆகியவை மட்டும் இருந்து தசை நன்றாக இருந்தால், இலேசு என்றோ மிஞ்சினால் நடுத்தரம் என்றோதான் மதிப்பிட வேண்டும். அதாவது ஒரு காலுக்கு 10 அல்லது 20. ஓயாத கடும் வலியோடு கூடிய நரம்பழற்சிக்குத் தனி விதி இருக்கிறது. அதிலும் தசைச் சிதைவு முதலிய புறத்தடயங்கள் இல்லையென்றால் சயாட்டிக் நரம்புக்கு 40-ஐத் தாண்ட இயலாது. முழங்காலுக்குக் கீழே காலை இழந்து செயற்கைக் கால் பொருத்திக்கொள்ளக் கூடியவனுக்கும் அட்டவணை தருவது 40. ஆக, எரியும் கால் எவ்வளவு எரிந்தாலும், இல்லாத காலின் மதிப்பை மிஞ்சுவதில்லை. 1864-இல் இருந்த மனப்பான்மை, எண்களின் உருவில் இன்றும் அங்கே தொடர்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது.

இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டால் கணக்கு எப்படி என்பதும் அறியத்தக்கது. இரு கால்களுக்கும் தலைக்கு 20 என்றால் கூட்டுத்தொகை 40 என்று நாம் எண்ணுவோம். அட்டவணை அவ்வாறு கூட்டுவதில்லை. முதற்கால் போனபின் அம்மனிதனிடம் எஞ்சியிருப்பது 80 விழுக்காட்டுத் திறன் என்று கொள்கிறது. அந்த 80-இல் 20 விழுக்காடு 16. ஆக மொத்தம் 36. இரு பக்கமும் ஊனமானால் துன்பம் மிகும் என்று கருதி, அந்த 36-இல் பத்தில் ஒரு பங்கு, 3.6, சேர்க்கப்படுகிறது. வருவது 39.6, பத்தின் மடங்காக முழுமையாக்க, 40. சுற்றி வந்து நாம் முதலில் எண்ணிய இடத்துக்கே வந்துவிட்டோம். ஆனால் எல்லாருக்கும் இப்படிச் சரியாக முடிவதில்லை. ஊனங்கள் பெருகப் பெருக, ஒவ்வொன்றும் எஞ்சியதில் ஒரு பங்காகவே சேர்வதால், மொத்தம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்துகொண்டே போகும்.

மருத்துவக் கருவிகள் இச்சிக்கலைத் தீர்த்துவிடவில்லையா என்று கேட்கலாம். நரம்பின் வழியே மின்துடிப்பைச் செலுத்தி அதன் வேகத்தை அளக்கும் சோதனை ஒன்று உண்டு. அது பருத்த நரம்பிழைகளின் பழுதை நன்கு காட்டும். ஆனால் சூட்டையும் எரிச்சலையும் சுமந்து செல்பவை மிக மெல்லிய இழைகள். அவற்றின் பழுது அச்சோதனையில் பெரும்பாலும் தென்படுவதில்லை. ஆகவே சோதனைத் தாளில் 'இயல்பு' என்று இருக்கும்; இரவில் உறக்கம் இராது.

பின்வந்த போர்கள் இந்த இடைவெளியை மேலும் வெளிச்சமாக்கின. 1950-ஆம் ஆண்டின் இறுதியில் கொரியாவின் சோசின் நீர்த்தேக்கத்தருகே நடந்த போரில், பகைவரின் குண்டோடு கடுங்குளிரும் வீரர்களைத் தாக்கியது. உறைந்த பாதங்கள் பிறகு ஆறின. ஆனால் நரம்பு கெட்டதனால் உண்டான நோவும் மரப்பும் பலருக்கு முதுமை வரை தொடர்ந்தன. குளிரால் விளைந்த பின்விளைவுகளை மதிப்பிடும் விதி 1998-இல் விரிவாகத் திருத்தப்பட்டது. சோசினில் இருபது வயதாயிருந்தவனுக்கு அப்போது அறுபத்தெட்டு.

வியட்நாம் போரின் கதை இன்னும் விந்தையானது. 1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் காடுகளின்மீது இலையுதிர்க்கும் மருந்துகளைத் தெளித்தன. அவற்றுள் 'ஏஜெண்ட் ஆரஞ்சு' என்பது பெயர் பெற்றது. 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக, சில நோய்கள் இம்மருந்தால் விளைந்தவை என்று சான்று கேட்காமலே கொள்ளப்பட்டன. கைகால் நரம்புக் கோளாறும் 1996-இல் அப்பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் ஒரு நிபந்தனை. மருந்து பட்ட சில வாரங்களிலோ மாதங்களிலோ தோன்றி, இரண்டாண்டுக்குள் அது தீர்ந்துவிட்டிருக்க வேண்டும். தீர்ந்துபோன நோவுக்கு அங்கீகாரம் உண்டு. தீராத நோவுக்கு இல்லை! நிலைத்து நிற்கும் பாதிப்பும் உண்டு என்று அறிவியல் குழுவினர் எடுத்துரைத்த பின், 2013-இல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. ஓராண்டுக்குள் தோன்றியிருக்க வேண்டும் என்பது மட்டும் நின்றது. முதுமையில் வரும் நீரிழிவு நோய் 2001-இலேயே பட்டியலில் சேர்க்கப்பட்டமையால், அந்நோயின் வழியாகக் கால்நரம்பு கெட்டவர்களுக்கு மற்றொரு வாயில் திறந்திருந்தது.

இவ்வளவு காலமும் வீரன் ஏன் நீதிமன்றத்துக்குப் போகவில்லை? போக வழியில்லை என்பதே விடை. நிருவாகத்தின் முடிவே இறுதி முடிவாக இருந்தது. வழக்கறிஞரை அமர்த்தலாம் என்றாலும், அவர் பெறக்கூடிய கூலி 10 டாலர் என்று 1864-இல் உச்சவரம்பு கட்டியிருந்தனர். ஏமாற்றும் தரகர்களிடமிருந்து வீரனைக் காப்பதே அதன் நோக்கம். ஆனால் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் 10 டாலர் மாறவில்லை. 10 டாலருக்கு எந்த வழக்கறிஞர் வருவார்? 1988-இல்தான் இவ்விரு தடைகளும் தளர்ந்தன. முன்னாள் வீரரின் முறையீடுகளுக்கெனத் தனி நீதிமன்றம் ஒன்றும் அமைந்தது. சார்பான சான்றும் எதிரான சான்றும் ஏறக்குறையச் சமமாக நின்றால், ஐயத்தின் பயனை வீரனுக்கே தரவேண்டும் என்பது அங்கே உறுதியாக நிலைநாட்டப்பட்டது.

ஆயினும் நோவின் வழக்கு அங்கும் உடனே வெல்லவில்லை. நோவுக்குக் காரணமான நோய் இன்னதென்று பெயர் சொல்ல முடியாவிட்டால், வெறும் வலியை ஊனமாகக் கொள்ள இயலாது என்று அந்நீதிமன்றம் 1999-இல் தீர்ப்பளித்தது. பத்தொன்பது ஆண்டுகள் அத்தீர்ப்பே வழிகாட்டியாக இருந்தது. முழங்கால் வலி பற்றிய ஒரு வழக்கில், 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள், மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 'சாண்டர்ஸ் எதிர் வில்கி' என்று வழங்கும் அத்தீர்ப்பின் கருத்து எளியது. ஊனம் என்பது செயல்திறன் குன்றுவது. வலி செயல்திறனைக் குன்றச் செய்யுமானால், நோயின் பெயர் தெரியாவிடினும் அதுவே ஊனம். வலிக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, அதனால் என்ன செய்ய முடியவில்லை என்பதைக் காட்டவேண்டும் என்ற வரம்பையும் அத்தீர்ப்பு வைத்தது. டர்னர்ஸ் லேனில் பூட்சுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடந்தவன் கேட்ட கேள்விக்கு, நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த பதில் இது.

நம் நாட்டிலும் இதே இழுபறி உண்டு. புனேயில் வாழும் தமிழர்கள் அங்குள்ள செயற்கை உறுப்பு மையத்தை அறிந்திருப்பர். 1944-இல், இரண்டாம் உலகப் போரின் நடுவே ஏற்பட்டது அது. காலிழந்து வந்த எத்தனையோ வீரர்கள் அங்கிருந்து நடந்து வெளியேறினர். ஆனால் இழந்த காலுக்கு மாற்றுக் கால் செய்வதுபோல, எரியும் காலுக்கு மாற்றாக எதையும் எந்தப் பட்டறையும் செய்துவிட முடியாது. நம் படைவீரரின் ஊன ஓய்வூதியத்திற்கு 20 விழுக்காடு என்னும் வாயிற்படி நெடுங்காலமாக இருந்து வந்தது. அதற்குக் கீழே மதிப்பிடப்பட்டால் வாயில் திறவாது. படையில் சேர்ந்தபோது உடல்நலத்துடன் இருந்தவன் என்றே வீரனைக் கொள்ளவேண்டும், நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று சொல்வோரே அதைக் காரணத்துடன் நிறுவவேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் கூறியது. கடல் கடந்த நாட்டில் 'ஐயத்தின் பயன்' என்று சொல்லப்பட்டதும் இதுவும் ஒரே மரத்தின் இரு கிளைகள்.

அளவுகோலே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அளவுகோல் இல்லாத இடத்தில் சலுகையும் சிபாரிசும் ஆட்சி செய்யும். ஊமையாய் நிற்கும் ஏழை வீரனே அதில் முதலில் தோற்பான். எண் வேண்டும். ஆனால் எண்ணைக் குறிப்பவர், தாம் அளப்பது தசையின் சுற்றளவையே, வீரனின் இரவை அன்று என்பதை மறவாதிருத்தல் வேண்டும். அதற்கு முதல் வழி, வீரன் தன் நோவைத் தன் சொல்லால் கூறும்போது அச்சொல்லை அப்படியே ஏட்டில் ஏற்றுவது. அமெரிக்க அட்டவணையில் நோவுக்கு இலேசு, நடுத்தரம், கடுமை என்று சில சொற்களே உண்டு. நம் மொழியிலோ குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், சுண்டல், மதமதப்பு என்று நோவுக்கு நோவு சொல் இருக்கிறது. ஒவ்வொன்றும் மருத்துவனுக்கு ஒரு துப்பு. எரிச்சல் என்றால் மெல்லிய இழை. சுண்டி இழுத்தல் என்றால் இடுப்பில் அழுந்திய வேர். மரத்துப்போதல் என்றால் உணர்ச்சி குன்றிய இடம். பிற மாநிலத்தில் வாழும் தமிழர், வேற்றுமொழி பேசும் மருத்துவர் முன்னே நின்று இவற்றையெல்லாம் 'வலி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும்போது, இழப்பது சொற்களை மட்டும் அன்று. அவர்களுக்கு உரிய விழுக்காட்டையும் இழக்கக்கூடும்.

அன்று அந்தப் பெரியவர் கேள்விக்கு விடை சொல்லாமல், எழுதிய தாளை வாங்கிக் கிழித்துவிட்டோம். மறுபடியும் முதலிலிருந்து சொல்லும்படி அவரைக் கேட்டோம். எந்தக் கால், எந்த இடம், எந்த நேரம், எவ்வளவு தூரம் நடந்தால் நிற்கவேண்டி வருகிறது, எத்தனை முறை இரவில் விழிக்கிறார், படியேறும்போது எதைப் பிடித்துக்கொள்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினோம். ஒரு வரி இரண்டு பக்கமாயிற்று. அதைத் தமிழில் திருப்பிச் சொன்னபோது, "இப்ப சரி" என்றார். அம்மனுவுக்கு என்ன பதில் வந்ததென்று நாம் அறிவதற்குள் அவர் தம் மகனுடன் வேறு ஊருக்குச் சென்றுவிட்டார். ஆனால் அன்று முதல், நோவைப் பற்றிய எந்தத் தாள் எம் மேசைக்கு வந்தாலும், அதை ஒரே வரியில் நாம் மொழிபெயர்ப்பதில்லை.